சத்தம் ஆகாத வாத்தியாரும் ஜாஸும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னைப் பார்க்க ஒரு பழைய மாணவர் வந்திருந்தார். அப்போது வீட்டில் ஜாஸ் ஓடிக்கொண்டிருந்தது. சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் ஒன்றை ஒன்று துரத்துகிற மாதிரியான வேகம். "சார், நீங்களா இதைக் கேக்கிறீங்க? ஜாமெட்ரி பாக்ஸ் கீழ விழுந்தாலே எங்களை வெளிய நிக்க வைப்பீங்களே!" என்றார். இருவரும் சிரித்தோம். அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்ன வயதிலிருந்தே எனக்குச் சத்தம் ஆகாது. குக்கர் விசில், பஸ்ஸின் ஏர் ஹாரன், கரும்பலகையில் சாக்பீஸ் கீச்சிடுவது, எவர்சில்வர் தட்டு சிமெண்டுத் தரையில் விழுவது எல்லாம் எனக்குக் காதோடு நிற்காது. பல்லிலும் பிடரியிலும் வந்து அடிக்கும். நெஞ்சு படபடக்கும். அடுத்த நொடி கோபமாக வெளியே வரும். காது டாக்டரிடம் காட்டியபோது, "காது அருமையா இருக்கு சார்" என்று அனுப்பிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு என் மகள்தான் சொன்னாள், "அப்பா, இதுக்கு சென்சரி சென்சிடிவிட்டின்னு பேரு. உங்க குணக்கேடு இல்லை." அறுபது வயதுக்கு மேல் அதைக் கேட்டு நான் கண் கலங்கினேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஜாஸ் எப்படிப் பிடித்தது?

மருமகன் ஒருநாள் தன் போனில் சார்லி பார்க்கரின் 'கோ-கோ'வைப் போட்டுக் காட்டினார். 1945 நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் பதிவு செய்தது. பார்க்கருக்கு அப்போது வயது 25, டிரம்ஸ் வாசித்த மேக்ஸ் ரோச்சுக்கு 21. இருபது நொடியில் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அன்று இரவு கணக்கு வாத்தியார் புத்தி சும்மா இருக்கவில்லை. நிமிடத்துக்குச் சுமார் 300 தட்டு. அப்படியானால் நொடிக்கு ஐந்து. ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்வரம் வைத்தால் நொடிக்குப் பத்து. மனிதன் எப்படி வாசிப்பான்? மறுநாள் நானே போய்க் கேட்டேன், ஒலியை மிகவும் குறைத்து வைத்து.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. என்னை வதைப்பது சத்தத்தின் அளவு மட்டும் இல்லை, அது எப்போது வரும் என்று தெரியாததும்தான். குக்கர் விசில் சொல்லிவிட்டு வருவதில்லை. 'கோ-கோ' எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதன் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 64 பார், ஒவ்வொரு பாரிலும் நான்கு தட்டு, ஆக 256 தட்டு. பார்க்கர் இரண்டு சுற்று வாசிக்கிறார். எந்த ஸ்வரம் வரும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அடுத்த தட்டு எங்கே விழும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு தூக்கிவாரிப் போடுவதில்லை. மூன்று நிமிடத்துக்குள் முடிந்தும்விடும். பழைய பதிவு என்பதால் கூர்மையான ஒலிகள் கொஞ்சம் மழுங்கித்தான் கேட்கும். அதுவும் எனக்கு உதவி.

நான் கேட்கிற முறையையும் சொல்கிறேன், என்னைப் போல யாராவது இருந்தால் பயன்படும். முதல் தடவை பேஸ் வாத்தியத்தை மட்டும் பின்தொடர்வேன். அது நடந்துபோகிற மாதிரி சீராகப் போகும். இரண்டாம் தடவை டிரம்ஸின் தகடு. மூன்றாம் தடவைதான் சாக்ஸபோன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்த்தால் தலை வெடிக்கும். வெளியில் போய்ச் சத்தத்தில் அடிபட்டு வந்த நாளில் கேட்பதே இல்லை.

எல்லாம் எனக்கு ஒத்துக்கொள்வதும் இல்லை. ஜான் கோல்ட்ரேன் 1965-ல் பத்துப் பேரோடு வாசித்த 'அசென்ஷன்' எனக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. அங்கே பிடித்துக்கொள்ள எனக்குக் கம்பி கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்', 1959-ல் பதிவானது, எனக்கு உயிர். பதினாறே பாரில் 26 முறை கார்டு மாறும். கோல்ட்ரேன் வெள்ளம் மாதிரி போவார். அடுத்து பியானோக்காரர் டாமி ஃபிளானகனின் முறை வரும்போது, அவர் விட்டு விட்டு வாசிப்பது கேட்கும். அவ்வளவு நல்ல கலைஞருக்கே அந்த வேகம் மூச்சு முட்டியிருக்கிறது. அதை வெட்டி எறியாமல் அப்படியே வெளியிட்டார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் என் வகுப்பில் போர்டு முன்னால் நின்று திணறிய பிள்ளைகள் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

இப்போது சொல்ல வந்த விஷயம்.

என் வகுப்பில் ஜாமெட்ரி பாக்ஸைத் தவறவிட்டதற்காக வெளியே நின்ற பிள்ளைகளே, நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. எனக்கு வலித்தது. அதை ஒழுங்கு, கட்டுப்பாடு என்று பெயர் வைத்து உங்கள் மேல் இறக்கினேன். ஒருவன் பிரேயரில் மைக் கத்தும்போது காதைப் பொத்திக்கொள்வான். அவன் கையை நானே இழுத்துக் கீழே விட்டேன். என்னைப் போல இன்னொருவன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தம்பி, நீ இதைப் படித்தால் என்னை மன்னித்துவிடு.

அக்கா, உன்னிடமும் ஒன்று. உன் மகள் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் நான் மண்டபத்தை விட்டுப் போய்விட்டேன் என்று இருபது வருடமாக உனக்கு வருத்தம். சீர் வரிசையில் குறை கண்டு போனதாக ஊரில் பேச்சு. இல்லை அக்கா. தவில் என் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் நின்றுதான் அட்சதையைப் போட்டேன்.

தையில் பேத்தி கல்யாணம் வருகிறது. தாய்மாமன் வரிசையில் எனக்கு நாற்காலி வேண்டாம். வாசல் பக்கம், மேளத்திலிருந்து தள்ளி, ஒரு நாற்காலி போடச் சொல். இந்தத் தடவை தாலி கட்டி முடியும்வரை இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்