படகும் மோட்டாரும்: ஒரு 5 அங்குலக் கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடலுக்குப் போகிற பிள்ளைகள் கட்டாயம் படியுங்கள்.

கொடும்பாளூர் என்றதும் எல்லோருக்கும் மூவர் கோயில்தான் ஞாபகம் வரும். இங்கிருந்து கடல் வெகு தூரம். ஆனால் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் கடற்கரை உண்டு என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. ஆசிரியர் பயிற்சி முடித்து நான் வேலை பார்த்த வருஷங்களில் பாதி அந்தப் பக்கம், மணமேல்குடி வட்டாரத்தில்தான். அதனால் என் பிள்ளைகளில் பலர் இன்று படகுக்காரர்கள்.

அவர்களில் ஒருவன் போன வாரம் போன் பண்ணினான். "சார், பழைய மோட்டார் ஒண்ணு மலிவா வந்துச்சுன்னு வாங்கிட்டேன். படகுல மாட்டினா ரொம்ப கீழ போகுது. படகு இழுக்கவே மாட்டேங்குது" என்றான். மனைவியின் நகையை அடகு வைத்த பணம். கரையில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அப்படியே ஓட்டு, போகப் போகச் சரியாகும் என்கிறார் ஒருவர். மோட்டார் தண்டை வெட்டிக் குட்டையாக்கு என்கிறார் இன்னொருவர். எனக்கு மோட்டார் தொழில் தெரியாது. ஆனால் நெம்புகோல் பாடம் தெரியும். தெரிந்த மெக்கானிக்குகள் இரண்டு பேரிடமும் கேட்டு, அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

படகின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டார் பொதுவாக மூன்று நீளத்தில் வரும்: 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம். இது மோட்டாரின் மொத்த உயரம் இல்லை. படகின் பின்பலகை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதற்கான கணக்கு. 15 அங்குலப் பலகைக்கு 15 அங்குல மோட்டார். இவன் படகுப் பலகை 15, வாங்கிய மோட்டார் 20. வித்தியாசம் 5 அங்குலம், நம் கணக்கில் 12.7 சென்டிமீட்டர்.

விசிறிக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். மேலிருக்கும் காற்று விசிறிக்குள் இறங்காமல் தடுப்பது அதன் வேலை. அந்தத் தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ சற்றே கீழாகவோ இருந்தால் சரி. 5 அங்குலம் கீழே போனால் தண்டும் தகடும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். வேகம் குறையும், எண்ணெய் கூடும், தண்ணீர் மேலே பீய்ச்சும். மோட்டாரின் தலையும் 5 அங்குலம் தாழ்ந்துவிடுவதால் பின்னாலிருந்து வரும் அலை அதன் மேலேயே அடிக்கும். நடுக்கடலில் மோட்டார் நின்றால் என்ன ஆகும் என்று கடற்கரைப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீண்ட வால் வைத்த எஞ்சினில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புதிது. அதில் கைப்பிடியை அழுத்தினால் விசிறி மேலே வரும், விட்டால் இறங்கும். ஆழம் ஓட்டுபவர் கையில். இந்த மோட்டாரில் ஆழத்தைத் தீர்மானிப்பது பலகைதான்.

நம் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். கரையோரம் கடல்புல் நிறைய. தாழ்ந்த விசிறி சேற்றிலும் புல்லிலும் சிக்கும். அந்தப் புல்லைத் தின்றுதான் ஆவுளியா வாழ்கிறது. 2022-ல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டிலேயே அதுதான் முதல். நாம் ஓட்டுவது அந்தக் கடலில்.

தண்டை வெட்டுகிற பேச்சே வேண்டாம். உள்ளே சுழலும் தண்டு, குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய், கியர் கம்பி எல்லாம் அதே நீளத்துக்குச் செய்தவை. சில மாடல்களுக்குக் குட்டை பாகங்கள் கிடைக்கும், ஆனால் செலவு அதிகம். அதைவிடப் பலகையை உயர்த்துவது நல்லது.

உயர்த்துவது என்றால் மேலே ஒரு கட்டையை வைத்து ஆணி அடிப்பதில்லை. இங்கேதான் நெம்புகோல். விசிறி கீழே படகை முன்னுக்குத் தள்ளும்போது, மோட்டாரின் பிடி பலகையின் மேல் விளிம்பைப் பின்னுக்கு இழுக்கும். தண்டு நீளம் கூடினால் அந்த இழுப்பும் கூடும். அதனால் புதுக் கட்டை தனியாக நிற்கக் கூடாது. உள்ளும் புறமும் நீளமான தாங்கு பலகை கொடுத்து, பழைய பலகையின் பாதிக்குக் கீழ்வரை இறக்கி, துருப்பிடிக்காத போல்ட்டால் ஊடுருவி முடுக்க வேண்டும். துளைகளில் தண்ணீர் இறங்காமல் அடைக்க வேண்டும்.

அதற்கு முன் பழைய பலகையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஃபைபர் படகில் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே மரம் ஊறி மக்கியிருக்கும். 'டொக்' என்று மந்தமாகக் கேட்டால் முதலில் பலகையை மாற்றுங்கள். மக்கிய பலகையில் எவ்வளவு நல்ல கட்டை வைத்தாலும் ஒருநாள் மோட்டாரோடு பிய்த்துக்கொண்டு போகும்.

மாட்டிய பிறகு, அமைதியான தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். திரும்பும்போது மோட்டார் சத்தம் மட்டும் ஏறி படகு நகராவிட்டால் உயரம் அதிகம். தண்ணீர் பீய்ச்சி படகு கனத்தால் இன்னும் தாழ்வு. மோட்டாரைப் படகோடு ஒரு கயிற்றாலும் கட்டி வையுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: கடைக்குப் போகும்முன் அளவு நாடாவை எடுங்கள். பலகையின் நடுவில், மேல் விளிம்பிலிருந்து படகின் அடிமட்டம் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மோட்டாரில் பிடியின் உட்பக்க மேல்மட்டத்திலிருந்து அந்தத் தகடு வரை அளங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் விலை பேசுங்கள். ஒத்துப்போகாவிட்டால், பலகை உயர்த்தும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு மலிவாக இருக்காது.

அந்தத் தம்பி இப்போது தச்சரோடு பலகை வேலையில் இருக்கிறான். வேறு யாராவது இப்படி உயர்த்தி ஓட்டியிருந்தால் கீழே எழுதுங்கள், அவனுக்கு உதவும்.

எல்லோரும் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகக் கரை சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்