தனியா பிள்ளை வளர்க்கிற அம்மாக்களுக்கு: 150 நிமிஷக் கணக்கு (த்ரெட்)

1/ "வாக்கிங் போக எனக்கு ஏது சார் நேரம்?" புழல் பக்கத்துல இருந்து ஓபிக்கு வர்ற, தனியா பிள்ளைங்கள வளர்க்கிற அம்மாக்கள் அடிக்கடி கேட்கிறது. நியாயமான கேள்வி. விடிகாலையில தண்ணி, சமையல், ஸ்கூல். அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட். திரும்பும்போது இருட்டிடும். ஜி.என்.டி. ரோட்டுல லாரிக்கு நடுவுல யாரு வாக்கிங் போவா?

2/ உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம். முன்னாடி ஒரே தடவையில 10 நிமிஷமாவது செய்யணும்னு இருந்துச்சு. 2020 வழிகாட்டுதல்ல அதை எடுத்துட்டாங்க. அஞ்சு அஞ்சு நிமிஷமா சேர்த்தாலும் கணக்குதான்.

3/ ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி வேகமா நடங்க. போக 10, வர 10. ஆறு நாளைக்கு 120 நிமிஷம். ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களோட அரை மணி நேரம் ஸ்கிப்பிங், ஓடிப்பிடிச்சு. 150 ஆச்சு!

4/ எவ்வளவு வேகம்? பேச முடியணும், பாட முடியக்கூடாது.

5/ வாரத்துல ரெண்டு நாள், குக்கர் விசில் வர்றதுக்குள்ள, சுவரோரம் நாற்காலி போட்டு 10 தடவை உட்கார்ந்து எழுந்திரிங்க. தொடைக்கு பலம்.

6/ நெஞ்சு வலி, மயக்கம் வந்தா நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

7/ சுகரும் பிபியும் ஆரம்பத்துல வலிக்காது. 30 வயசு தாண்டினா டெஸ்ட் பண்ணுங்க. 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பார்க்கிறாங்க. "எனக்கு ஒண்ணுன்னா பிள்ளைங்கள யாரு பார்ப்பா?"ன்னு பயப்படுறீங்கல்ல? அந்தப் பிள்ளைங்களுக்காகத்தான் இந்த 20 நிமிஷம். நாளைக்கே ஆரம்பிங்கம்மா.