நடுவில் நிற்கும் காந்தாரம்

கீபோர்டில் ஒரு வெள்ளைக் கீயை அழுத்து, அடுத்ததை விடு, அதற்கடுத்ததை அழுத்து, ஒன்றை விடு, ஒன்றை அழுத்து. ஒரு கட்டை சுருதியில் தொடங்கினால் ச, க, ப. மூன்றும் சேர்ந்து ஒலித்தால் கார்டு. பினாங்கில் பியானோ வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது லண்டன் தேர்வு வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம்.-இன் கிரேடு 1 தியரியிலேயே வந்துவிடுகிறது. சி, ஈ, ஜி என்று ஒப்பிக்கிறார்கள், கோட்டில் மூன்று முட்டைகளை அடுக்குகிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். பாடிக் காட்டு என்றால் பாதிப்பேர் விழிக்கிறார்கள். காலையில் பியானோ, மாலையில் வாய்ப்பாட்டு என்று ஓடுகிற பிள்ளைகள்கூட இரண்டையும் தனித்தனிப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஏழு சுரங்கள்தான் என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

*

கறுப்புக் கீகளையும் சேர்த்து எண்ண வேண்டும். ச-விலிருந்து அந்தர காந்தாரத்துக்கு 4 அரைச்சுரம், அங்கிருந்து ப-வுக்கு 3. இது மேஜர். சாதாரண காந்தாரம் என்றால் முதலில் 3, பிறகு 4. இது மைனர். ஓரத்தில் இருக்கும் இருவரும் அசையவே இல்லை. நடுவில் இருப்பவர் ஒரு படி இறங்கியதும் முகம் மாறிவிடுகிறது.

மேஜர் மகிழ்ச்சி, மைனர் சோகம் என்று சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கரகரப்பிரியாவில் சாதாரண காந்தாரம்தான். அதைக் கேட்டு யார் அழுதார்கள்?

*

காந்தாரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ச, ப. ராக் கிட்டார்காரர்கள் இதைப் பவர் கார்டு என்கிறார்கள். நம் பக்கம் தம்புரா. மேஜரா மைனரா என்று அது சொல்வதில்லை, அதனால் எந்த ராகத்துக்கும் பின்னால் உட்காரும்.

ஆனால் நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று கேட்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். தந்தி முழுதாக அதிரும்போதே பாதியாக, மூன்றில் ஒன்றாக, நான்கில் ஒன்றாக, ஐந்தில் ஒன்றாகவும் அதிர்கிறது. அந்த ஐந்தில் ஒன்றுதான் அந்தர காந்தாரம். மேஜர் கார்டின் விகிதம் 4:5:6. அது தந்திக்குள்ளேயே இருக்கிறது, ஐரோப்பாக்காரர் கண்டுபிடித்து நமக்குக் கொடுத்ததல்ல. கீபோர்டில் உள்ள காந்தாரம் இதைவிடச் சுமார் 14 சென்ட் தூக்கல் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்). எல்லாச் சுருதியிலும் வாசிக்க வசதியாக 12 கீகளையும் சமமாகப் பிரித்ததற்குக் கொடுத்த விலை. தம்புராவோடு பாடிப் பழகிய காது ஹார்மோனியம் கேட்டால் கொஞ்சம் சுளிப்பது இதனால்தான்.

*

வெள்ளைக் கீகள் மட்டும், அதாவது சங்கராபரணம். ஒவ்வொரு சுரத்திலும் ‘ஒன்று விட்டு ஒன்று’ கார்டு கட்டினால்: ச, ம, ப மூன்றிலும் மேஜர். ரி, க, த மூன்றிலும் மைனர். நி-யில் மட்டும் வேறு ஏதோ.

இதைத் தியரி புத்தகம் மனப்பாடம் செய்யச் சொல்கிறது. பாட்டு படித்த பிள்ளைக்கு மனப்பாடமே வேண்டாம், கிரகபேதம் (அதே சுரங்களில் வேறொன்றை ச-வாக எடுத்துக்கொள்வது) தெரிந்தால் போதும். அதே வெள்ளைக் கீகளில் ம-வை ஆதாரமாக வைத்தால் கல்யாணி, ப-வை வைத்தால் அரிகாம்போதி. சங்கராபரணத்தோடு சேர்த்து மூன்றிலும் அந்தர காந்தாரம், அதனால் மூன்றிலும் மேஜர். ரி-யில் கரகரப்பிரியா, க-வில் தோடி, த-வில் நடபைரவி. மூன்றிலும் சாதாரண காந்தாரம், மைனர்.

நி? அங்கே கிரகபேதம் செய்தால் மேளகர்த்தா (தாய் ராகம்) வராது என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். இரண்டு மத்தியமம் கிடைக்கும், பஞ்சமம் கிடைக்காது. கார்டிலும் அதே கோளாறுதான். நி, ரி, ம என்று அடுக்கினால் 3, 3. ஏழு அரைச்சுரம் வரவேண்டிய இடத்தில் ஆறுதான். காலூன்றப் பஞ்சமம் இல்லாத இந்தக் கார்டுக்கு டிமினிஷ்டு என்று பெயர், கேட்டதும் எங்கேயாவது போய் இறங்கத் துடிக்கும். பெரும்பாலும் ச-வில் இறங்கும். கிரகபேதம் பேசுபவர்களுக்கும் லண்டனில் தேர்வுத்தாள் தயாரிப்பவர்களுக்கும் முட்டிக்கொண்ட இடம் ஒன்றுதான் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

*

கைக்கு ஒரு குறிப்பு. ச க ப-விலிருந்து ம-வின் கார்டுக்குத் தாவ வேண்டாம். ச-வில் விரல் அப்படியே இருக்கட்டும். க-வை ம-வுக்கும், ப-வை த-வுக்கும் நகர்த்து: ச ம த. திரும்பி வந்து, இப்போது ப-வைப் பிடித்துக்கொண்டு ச-வைக் கீழ் நி-க்கும் க-வை ரி-க்கும் இறக்கு: நி ரி ப. இந்த மூன்றே கார்டில் பஜனைப் பாட்டு, தேவாலயப் பாட்டு, பிறந்தநாள் பாட்டு எல்லாம் முடிந்துவிடும். புத்தகம் இதைத் தலைகீழ் நிலை என்று தனி அத்தியாயமாகப் போடும். விரலுக்குத் தெரிந்தால் அத்தியாயம் அரைமணி நேரத்தில் தீரும்.

*

பினாங்குக்குக் கார்டு வந்த வழி ஒன்றல்ல. 1870களில் இங்கே வந்து ஆடிய பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத்தான் பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகம் பிறந்தது. முதலில் ஹார்மோனியமும் தபேலாவும், பிறகு வயலின், பியானோ, டிரம்பெட். பக்கவாத்தியம் மாறியதும் பாட்டின் அடித்தளமும் மாறியது. 1929-இல் பினாங்கில் பிறந்த மலாய்த் திரைப் பாடகர் பி. ரம்லி அந்தக் கலப்பில் வளர்ந்தவர். ‘அந்தாரா டுவா டர்ஜாட்’ (1960) படத்துக்காக அவர் பாடிய ‘கெத்தாரான் ஜீவா’வைக் கேளுங்கள். கீழே கார்டு அசையாமல் நிற்க, மேலே குரல் வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறும்போது முழங்கும் உறுமிக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

*

முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) ஆங்கிலேயர் பேண்டு மெட்டுகளைக் கேட்டுச் சங்கராபரணத்தில் நோட்டுஸ்வரங்கள் செய்தார். ச க ப, ச க ப என்று தாவும் மெட்டுகள். கார்டைப் படிக்கட்டாகப் பிரித்தால் கிடைப்பது அதுதான். மெட்டை எடுத்துக்கொண்டார், அடியில் ஒலித்த கார்டை விட்டுவிட்டார். அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டரிடம் படித்த இளையராஜா, தீட்சிதர் விட்டதை எடுத்தார். பினாங்கு லிட்டில் இந்தியா கடை ஒலிபெருக்கிகளில் இன்றும் அவர்தான். ‘மூடுபனி’ (1980) படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’யில் கிட்டாரை மட்டும் கவனித்துக் கேட்டால், கார்டு மாறும் ஒவ்வொரு இடத்திலும் அதே குரல் வேறு நிறம் கொள்வது புரியும். கார்டுப் பாடத்துக்கு இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது.

*

எல்லா ராகத்துக்கும் கார்டு போடலாமா? கணக்குப்படி தோடிக்கு மைனர் பொருந்துகிறது, மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆனால் தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரி-யைத் தொட்டு ம-வைத் தொட்டு அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுதான் ராகம். கீபோர்டின் காந்தாரமோ அழுத்திய இடத்தில் அப்படியே நிற்கும். நடுவில் இரண்டு காந்தாரம் மோதும். சங்கராபரணம், அரிகாம்போதி, நடபைரவியில் தாராளமாக மூன்று விரலையும் வையுங்கள். தோடி பாடும்போது பக்கத்தில் கீபோர்டு இருந்தால் ச-வும் ப-வும் போதும், நடுவிரலைத் தூக்கிவிடுங்கள்.