எந்தக் கட்டம் என்னுடையது?

2022 ஆகஸ்டில் மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் பெண் பிரேசிலின் சால்வடார் நகரில் எங்கள் தெருவுக்கு வந்தார். பக்கத்து வீட்டு தோனா வாசல்படியில் உட்கார்ந்து பீன்ஸ் விதையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர்.

"உங்கள் நிறம் அல்லது இனம்?"

"நேக்ரா."

"அந்தச் சொல் இதில் இல்லையே, அம்மா. பிரெத்தாவா, பார்தாவா?"

கருவியில் ஐந்தே கட்டங்கள்: வெள்ளை, கறுப்பு (பிரெத்தா), மஞ்சள், கலப்பு நிறமான பார்தா, பழங்குடி. நேக்ரா என்பது தோலின் நிறமல்ல. பிரெத்தாவும் பார்தாவும் ஒன்றென்று கறுப்பின இயக்கம் கட்டி எழுப்பிய சொல். 2010இல் சட்டமும் அப்படியே வரையறுத்தது.

அந்தச் சொல்லுக்கு வந்துசேர தோனாவுக்கே பாதி ஆயுள் பிடித்தது. இளம் வயதில் அவர் 'மொரேனா', நம் ஊர் மாநிறம் மாதிரி. இங்கே இனப்பாகுபாடே கிடையாது என்று சாதித்த ராணுவ ஆட்சி, 1970 கணக்கெடுப்பில் நிறத்தைக் கேட்கவேயில்லை. 1976இல் ஓர் ஆய்வு மக்களையே சொல்லச் சொன்னபோது 130க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. இலவங்கப்பட்டை நிறம், பால் கலந்த காப்பி நிறம்... கறுப்பு என்று மட்டும் சொல்லிவிடாமலிருக்க எத்தனை கற்பனை!

1974இல் இந்த ஊரின் லிபெர்தாதே பகுதியில் 'இலே ஐயே' என்ற கறுப்பர் கார்னிவல் குழு பிறந்தது. மறு ஆண்டு அது தெருவில் ஆடியபோது, இதுதான் இனவெறி என்று உள்ளூர்ப் பத்திரிகை சீறியது. 1978 ஜூலையில் சாவோ பாவ்லோ நகர அரங்கின் படிக்கட்டுகளில் திரண்ட கறுப்பின இயக்கத்தினர் நவம்பரில் சால்வடாரில் கூடினார்கள். இளவரசி இசபெல் அடிமைமுறையைக் கையெழுத்திட்டு ஒழித்த மே 13 தங்கள் நாளல்ல என்றார்கள். 1888இல் விடுதலைதான் வந்தது, ஒரு துண்டு நிலம் வரவில்லை. தப்பியோடிய அடிமைகளின் பல்மாரெஸ் குடியிருப்பைக் காத்த ஜூம்பி 1695இல் கொல்லப்பட்ட நவம்பர் 20ஐத் தங்கள் நாளாக்கினார்கள். அது நாடு முழுவதற்கும் விடுமுறையானது 2024இல்தான்.

என் முறை வந்தது. ஆசியாக்காரன்தான், ஆனால் மஞ்சள் என்பது ஜப்பானிய, சீன, கொரிய வழியினருக்கு. சிறுவயதில் 'கருவாயன்' என்று பெயர் வாங்கிய எனக்குப் பிரெத்தா பொருந்தும். ஆனால் இரவில் போலீஸ் மறித்தால் காட்ட என்னிடம் கடவுச்சீட்டு இருக்கிறது. தோனாவின் பேரனுக்கு அது கிடையாது. இதை நியாயம் என்பதா, சாக்கு என்பதா?

"பார்தா" என்றேன்.

தோனா தலையைத் தூக்கவில்லை. "1980லும் 1991லும் நானும் அதைத்தான் சொன்னேன்" என்று ஒரு கல்லை எடுத்துத் தெருவில் எறிந்தார்.