ஸ்டவர் ஆற்றங்கரையில் ஒரு சுற்று

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மானிங்ட்ரீ. அங்கிருந்து வயலும் ஆற்றங்கரையுமாக மூன்று கிலோமீட்டர் நடந்தால் ஃபிளாட்ஃபோர்ட். சஃபோக், எசெக்ஸ் இரண்டுக்கும் எல்லையாக ஓடும் ஸ்டவர் ஆற்றின் கரையில், ஒரு சில கட்டடங்கள். ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-ல் காட்சிக்கு வைத்த 'தி ஹே வெய்ன்' (வைக்கோல் வண்டி) ஓவியத்தின் இடம் இதுதான். "அன்று இருந்த மாதிரியே இருக்கிறது" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அதை நேரில் பார்த்துவிடலாம் என்று ஜூன் மாதக் காலை ஒன்றில் போய் இறங்கினேன்.

மாவு மில்லை ஒட்டி நின்றேன். தேங்கிய தண்ணீருக்கு அப்பால், இடப்பக்கம் வில்லி லாட் என்ற விவசாயியின் வீடு. வெளிறிய சுவர், செங்கல் புகைபோக்கி, சரிந்த ஓட்டுக் கூரை. வீடு படத்தில் உள்ளபடியேதான் இருக்கிறது. பார்வையை வலப்பக்கம் திருப்பினால்தான் வித்தியாசம் தெரிகிறது. படத்தில் அங்கே வெயில் விழுந்த புல்வெளி தூரம்வரை விரியும். புல் அறுப்பவர்கள் புள்ளி புள்ளியாகத் தெரிவார்கள். இன்று மரங்கள் வளர்ந்து அந்த வெளியை மறைத்துவிட்டன.

கான்ஸ்டபிளின் அப்பா இந்த மில்லின் முதலாளி. இங்கே அரைத்த மாவு படகேறி லண்டன் போனது. மகன் வரைந்த 'தி ஹே வெய்ன்' படத்துக்கு லண்டனில் வாங்க ஆள் இல்லை. பிறகு பாரிஸ் வியாபாரி ஒருவர் அதையும் வேறு இரண்டு படங்களையும் சேர்த்து 250 பவுண்டுக்கு வாங்கிப்போனார். 1824-ல் பாரிஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

மரப்பாலத்தைக் கடந்தால் எசெக்ஸ் கரை. பாலத்தருகே லாக்: இரண்டு கதவுகளுக்கு நடுவே தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் தொட்டி. படகுப் போக்குவரத்துக்காக இந்த ஆற்றைச் சீர்செய்ய 1705-ல் சட்டமே போட்டார்கள். அமைதியான கிராமத்து ஆறு என்று நாம் நினைப்பது அந்தக் காலத்துச் சரக்குச் சாலை.

ஆற்றை வலப்பக்கம் வைத்து, நீரோட்டத்துக்கு எதிராக நடந்தேன். வழியெங்கும் சமதளம். மஞ்சள் பூ மண்டிய புல்; அதற்குள் மாடுகள். மேய்ச்சல் நிலங்களுக்கு இடையே மரக் கதவுகள். ஒரு கதவை நிதானமாகப் பார்த்தேன். வளைந்த வேலிக் கூண்டுக்குள் கதவு இப்படியும் அப்படியும் அசைகிறது. ஆள் ஒதுங்கி நின்று தள்ளினால் தாண்டலாம், மாட்டால் முடியாது. ஆள்படும் இடத்தில் மரம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. கான்ஸ்டபிள் காலத்திலும் மாடு தாண்டாமலிருக்க இந்தக் கரைப்பாதையில் தடுப்புகள் உண்டு. படகை இழுத்து வரும் குதிரைகளை அவற்றைத் தாண்டிக் குதிக்கப் பழக்கியிருந்தார்கள். கான்ஸ்டபிள் 1825-ல் வரைந்த 'தி லீப்பிங் ஹார்ஸ்' அந்தக் குதிரைதான்.

கரையோர வில்லோ மரங்கள் பலவற்றுக்கு ஆள் உயரத்துக்குச் சற்று மேலே தலை மொட்டை. அந்த உயரத்தில் வெட்டினால்தான் புதுத் துளிர் மாட்டின் வாய்க்கு எட்டாது. வெட்டாமல் விட்டால் கிளைகள் கனத்து அடிமரம் பிளந்துவிடும்.

இரண்டரை கிலோமீட்டரில் டெடம் ஊர். இங்கே இருந்த கான்ஸ்டபிள் குடும்பத்து இன்னொரு மில்லின் இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். புனித மேரி தேவாலயக் கோபுரம் 131 அடி. கிட்டே போனால் சுவரில் பதித்த சிக்கிமுக்கிக் கல் வெயிலில் கண்ணாடித் துண்டாக மின்னுகிறது. உள்ளே கான்ஸ்டபிள் வரைந்த இயேசுவின் விண்ணேற்றப் படம் இருக்கிறது. பார்க்கக் கட்டணம் இல்லை. கடைத்தெருவில் தேநீருக்கும் ஸ்கோனுக்கும் ஏழு பவுண்டுக்கு மேல் ஆனது.

திரும்பும்போது ஃபென் பாலம் வழியாக மறுபடி சஃபோக். சொந்த ஊரான கிழக்கு பெர்கோல்ட்டிலிருந்து டெடம் பள்ளிக்குச் சிறுவன் கான்ஸ்டபிள் நடந்த வழி இது. பாலத்துக்கு அப்பால் ஃபென் லேன், இந்தச் சுற்றிலேயே ஏற்றம் என்று சொல்லத்தக்க ஒரே இடம். 1826-ல் வரைந்த 'தி கார்ன்ஃபீல்ட்' இந்தச் சந்துதான். அந்தப் படத்தில் வயலுக்கு அப்பால் ஒரு சின்னத் தேவாலயம் தெரியும். நின்று, நகர்ந்து, திரும்பித் திரும்பித் தேடினேன். இல்லை. எப்போதுமே இருந்ததில்லை, அது ஓவியரின் கற்பனை என்று அவர் மகனே சொல்லியிருக்கிறார்.

மேட்டின் மேல் கிழக்கு பெர்கோல்ட் தேவாலயம். 1525-ல் தொடங்கிய கோபுரம் பாதியில் நின்றுபோனது. அதனால் மணிகளுக்காக 1531-ல் கட்டிய மரக்கூண்டு இன்னும் தரையிலேயே இருக்கிறது. மரச்சட்டங்களின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தால் ஐந்து வெண்கல மணிகள் வாய் தெரிய நிற்கின்றன. இழுக்கக் கயிறு கிடையாது. மணியைத் தாங்கும் மரக்கட்டையை ஆட்கள் கையால் பிடித்தே ஆட்டுகிறார்கள்.

அங்கிருந்து சாலையை ஒட்டிய நடைபாதையில் இறங்கினால் மீண்டும் ஃபிளாட்ஃபோர்ட். மொத்தச் சுற்று ஆறேழு கிலோமீட்டர்; நின்று பார்த்து நடந்தால் அரை நாள். வழியில் பெரும்பாலும் தனியார் நிலம்தான். பொதுப் பாதை என்று பலகை இருக்கும் வழியை மறிக்க நிலத்துக்காரருக்கு உரிமை கிடையாது.

அன்று இருந்த மாதிரியே இருக்கிறது என்று சொன்னது பாதிதான் சரி. லாட்டின் வீடு நிற்பதற்குக் காரணம், அதைப் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிப்பதும் களப்படிப்புக்கு வருபவர்கள் பயன்படுத்தி வந்ததும். வில்லோவை வெட்டுகிறார்கள், மணியை ஆட்டுகிறார்கள், பாதையில் ஜனங்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். ஆட்கள் கைபட்டுக்கொண்டே இருப்பதெல்லாம் இங்கே நிலைத்திருக்கிறது. 'தி ஹே வெய்ன்' லண்டன் நேஷனல் கேலரியில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கிறது. இங்கே நடந்துவிட்டு அங்கே போங்கள். அழகான ஆறாக மட்டும் தெரிந்த படத்தில் அத்தனை பேரின் உழைப்பும் தெரியும்.