கோப்பித்தூளோடு கோலாலம்பூருக்கு

பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கணவன், மனைவி, மனைவியின் தம்பி. மூவரும் சேர்ந்து ஒரு சிறு கோப்பிப் பட்டறை நடத்துகிறார்கள். இந்தியத் தொழில்முனைவோருக்காக அரசு நிறுவனமான டெக்குன் தரும் ஸ்புமி கடனில் வாங்கிய வறுவல் டிரம், ஒரு அரைவை இயந்திரம், ஒரு வேன், இவ்வளவுதான் முதல். சுங்கை பட்டாணி, குருண், பாடாங் செராய் சாப்பாட்டுக் கடைகளில் இவர்களுடைய தூள்தான் பால் சேர்க்காத கோப்பி ஓ ஆகிறது. 2024 செப்டம்பரில் மிஹாஸ் எனப்படும் அனைத்துலக ஹலால் கண்காட்சிக்கு வேனிலேயே கோலாலம்பூருக்குக் கிளம்பினார்கள். கடை விரிக்கப் பணம் இல்லை. பார்வையாளர் அட்டையும் ஒரு பை நிறைய மாதிரிப் பொட்டலங்களும் மட்டும் கையில்.

கிளம்பக் காரணம் விலைதான். வியட்நாமில் மழை பொய்த்ததால் லண்டன் சந்தையில் ரொபஸ்டா கோப்பிக்கொட்டை டன்னுக்கு 5,000 அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்தது. முந்தைய ஆண்டு விலையைப்போல் இரு மடங்கு. மலேசியப் பட்டறைகளில் பெரும்பாலானவை இந்தோனேசியா, வியட்நாம் கொட்டையை நம்பியே வறுக்கின்றன. கொட்டை விலை ஏறியதற்காகக் கடைக்காரர் ஒரு குவளைக்கு ஐம்பது காசு கூட்டிவிட முடியுமா? பீடோங்கில் அது நடக்காது. வேறு வாடிக்கையாளர்களைத் தேடித்தான் ஆக வேண்டும்.

அவர்கள் போன நெடுஞ்சாலை நெடுக இப்போது செம்பனை. ஆனால் மலாயாத் தமிழர் கதையில் ரப்பருக்கு முன்பே கோப்பி இருக்கிறது. 1869இல் இலங்கைக் கோப்பியைப் பிடித்த இலைத்துரு நோய் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. அங்கிருந்து வந்த துரைமார் சிலர் பேராக்கிலும் சிலாங்கூரிலும் லைபீரிக்கா வகைக் கோப்பி நட்டார்கள். காடு வெட்டவும் களை எடுக்கவும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் பிடித்தார்கள். 1890களின் பிற்பகுதியில் பிரேசிலின் அமோக விளைச்சலால் விலை விழுந்தது. மிச்சம் இருந்ததைக் கம்பளிப்புழு தின்றது. காஜாங் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் அதற்குள் ரப்பர் நட்டிருந்தார்கள். தோட்டங்கள் ஒவ்வொன்றாக மாற, கோப்பிக்கு வந்த தொழிலாளிகள் பால் மரம் வெட்டப் போனார்கள். பயிர் மாறினாலும் கூலிக்காரன் கூலிக்காரனாகவே இருந்தான். அப்படி வந்தவர்களின் வழியில் பிறந்தவர்கள், விற்பதற்கு ஒரு பொருளோடு தலைநகருக்குப் போவது சின்ன விஷயம் இல்லை.

கண்காட்சி நடந்த மைடெக் மண்டபத்தில் கால் வலிக்க நடந்தார்கள். வளைகுடா நாட்டு வணிகர் ஒருவர் இவர்களுடைய பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு கேள்விகள். ஜாக்கிமின் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா? வறுவலில் போடும் மார்ஜரின் யாருடையது? சீனி எத்தனை விழுக்காடு? எத்தனை மாதம் கெடாது? முதல் ஆர்டர் ஒரு இருபதடி கன்டெய்னர், முடியுமா? இவர்களிடம் இருந்தது சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழ் மட்டும். ஹலால் விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. மாதம் வறுப்பதோ சில நூறு கிலோ. கன்டெய்னர் என்றால் டன் கணக்கு.

“ஏங்க, ஊர்ல இதையெல்லாம் நம்மள யாராவது கேட்டிருப்பாங்களா?” என்றார் மனைவி. அவர் சொன்னதுதான் சரி. சிறு வியாபாரி இப்படிப்பட்ட கண்காட்சிக்குப் போக வேண்டியது விற்பதற்கு அல்ல, கேட்கப்படுவதற்கு. வாடிக்கைக் கடைக்காரர் கேட்பதெல்லாம் கடன் தவணை மட்டுமே.

இவர்கள் வறுக்கும் முறை பழையது. கொட்டை கறுக்கும் நேரத்தில் டிரம்மில் சீனியும் மார்ஜரினும் விழும். சீனி உருகிப் பொங்கி ஒவ்வொரு கொட்டையையும் போர்த்தும். இரும்புத் தட்டில் கொட்டி, இறுகுவதற்குள் மண்வெட்டியால் கிளற வேண்டும். தவறினால் பாளமாகிவிடும், சுத்தியல்தான் கதி. அந்தக் கறுப்பும் கனமும் கசப்பும் இல்லாமல் கோப்பி ஓ இல்லை. சீனி சேர்க்காத மார்ஜரின் வறுவலில் பிறந்த ஈப்போ வெள்ளைக் கோப்பியை ஓல்ட் டவுன் நிறுவனம் பொட்டலம் போட்டு உலகெங்கும் விற்றது. 2018இல் ஐரோப்பிய நிறுவனமான ஜேடிஇ அதை வாங்கிக்கொண்டது. ஆகவே மார்ஜரின் வறுவலை ஏழைக் கோப்பி என்று ஒதுக்குபவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

ஆனாலும் சுவை பார்க்கும் மேசையில் வேறொரு உலகம் திறந்தது. ஜொகூரில் விளைந்த லைபீரிக்கா, சீனி படாமல் இளம் வறுவலாக. 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் தூள், நாலு நிமிடம் காத்திருப்பு, மேலே மிதக்கும் ஏட்டைக் கரண்டியால் உடைத்து வாசம் பிடித்தல், பிறகு சத்தமாக உறிஞ்சுதல். தம்பி தயங்கினான். அக்கா கூச்சமே படாமல் உறிஞ்சிவிட்டு, “பலாச்சுளை” என்றார். மேசைக்குப் பின்னால் நின்ற இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். லைபீரிக்காவுக்கு நிபுணர்கள் சொல்லும் அடையாளமும் அதுவே. பட்டறையில் கணக்கு எழுதும் இவருக்குத்தான் அந்த வீட்டிலேயே நல்ல மூக்கு என்பது இவ்வளவு காலம் யாருக்கும் தோன்றவில்லை. அடுத்தடுத்த குவளைகளை மச்சானும் மாப்பிள்ளையும் அவர் கையில்தான் கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் தாப்பா ஓய்விடத்தில் சாப்பிட்டபடியே முடிவெடுத்தார்கள். கோப்பி ஓ தூள் அப்படியே தொடரும். அதோடு சீனி இல்லாத சிறு பொட்டலம் ஒன்று, காற்று வெளியேறும் வால்வு வைத்த பையில். ஜாக்கிம் தாள்கள் தம்பியின் பொறுப்பு. வறுவலை இறக்கும் நேரத்தை இனி அக்கா சொல்வார்.

கொட்டை? கெடாவின் மலைப்பக்கமான பாலிங், சிக் வட்டாரங்களில் இன்றும் ரொபஸ்டா மரங்கள் உண்டு. வேன் பாலிங் பக்கம் போனது. அங்கே ஒரு மலாய்ப் பெரியவர் பச்சையும் சிவப்புமாகப் பழத்தைக் கலந்தே உருவிக் காயப்போட்டிருந்தார். சிவந்த பழம் மட்டும் பறித்துக் கொடுத்தால் கிலோவுக்கு இரண்டு வெள்ளி கூடுதல் என்றார்கள். ஒரே மரத்துக்கு மூன்று நான்கு முறை போக வேண்டியிருக்குமே, ஆள் கூலி யார் கொடுப்பது என்று அவர் கேட்டார். பேரம் மூன்று வெள்ளியில் முடிந்தது; முதல் மூட்டைக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தார்கள்.