சுமையும் ஓர் அமானிதமே

மண் தோண்டும் இயந்திரம் எதுவாயினும் அதை 'ஜேசிபி' என்றே அழைத்துப் பழகியவர்கள் நாம். இங்கிலாந்தில் வடிகால், அடித்தள வேலைகளை எடுத்துச் செய்யும் என் தம்பி வாங்கியது அவற்றுள் சிறிய வகை. 2,600 கிலோ எடையுள்ள மினி எக்ஸ்கவேட்டர். அதை வேலைத்தளங்களுக்கு இழுத்துச் செல்ல ஒரு டிரெய்லர் தேவைப்பட்டது. தொழிலில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் எதை வாங்குவது என்பதை இருவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

முதலில் பார்த்தது இரட்டை அச்சு கொண்ட பழைய டிரெய்லர். விலை மலிவு. "இது 2,700 கிலோ டிரெய்லர், உங்கள் இயந்திரமோ 2,600தான்" என்றார் விற்பவர். தம்பிக்கும் அது போதுமானதாகவே பட்டது. பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் இடத்துக்குப் புதிய வடிகால் தோண்டித் தருவதாக அவன் ஜமாஅத்தாருக்கு வாக்களித்திருந்தான். சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கியாக வேண்டும். "பள்ளி வேலைதானே காக்கா, அல்லாஹ் பாதுகாப்பான்" என்றான்.

டிரெய்லரில் பொருத்தப்பட்டிருந்த தகட்டை அவனுக்குப் படித்துக் காட்டினேன். 2,700 என்பது அதன்மேல் ஏற்றக்கூடிய சுமை அன்று. டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்த உச்ச எடை. வெறும் டிரெய்லரே 600 கிலோ. ஆகவே அதில் ஏற்றத் தகுந்தது 2,100 கிலோ மட்டுமே. இயந்திரத்தை மட்டும் ஏற்றினாலே வரம்பை 500 கிலோ மீறிவிடும். பிரேக், டயர், அச்சு யாவும் அந்தத் தகட்டின் எண்ணுக்காகச் செய்யப்பட்டவை. நற்பணிக்குச் செல்லும் சுமை என்பதற்காகப் பிரேக்கின் வலு கூடிவிடாது. சனிக்கிழமை காலையில் நம் பிள்ளைகள் மதரஸாவுக்கு நடந்து செல்லும் தெருவும் அதுவே. அவர்கள் பத்திரமாக நடப்பது நம்மீது அவர்களுக்குள்ள ஹக். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பதுதானே நாம் கற்ற ஒழுங்கு?

பிரிட்டனில் முன்பு, 1997 ஜனவரி முதல் உரிமம் பெற்றவர்கள் பெரிய டிரெய்லரை இழுக்கத் தனித்தேர்வில் தேர்ச்சி பெற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அத்தேர்வு இல்லை; கார் உரிமம் உள்ள எவரும் 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். தேர்வு போயிற்று, கற்றுக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் நம்மிடமே வந்து சேர்ந்தது.

இறுதியில் 3,500 கிலோ வரம்புள்ள டிரெய்லரையே தேர்ந்தோம். அதன் சொந்த எடை 700. இயந்திரமும் மூன்று பக்கெட்டுகளும் சேர்ந்து 2,750. மொத்தம் 3,450. பாறை உடைக்கும் பிரேக்கரையும் ஏற்றினால் வரம்பு மீறும் என்பதால் அது பிக்கப் வாகனத்தில் வரும் என்று முடிவு செய்தோம். அந்த வாகனத்துக்கும் தனி வரம்பு உண்டு. அது இழுக்கக்கூடிய எடையையும், வாகனமும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையின் உச்சத்தையும் பார்த்த பிறகே பணம் கொடுத்தோம்.

வாங்கும்போது வேறு சிலவற்றையும் கவனித்தோம். 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். ஓடும்போது இணைப்பு கழன்றுவிட்டால் பிரேக்கைத் தானே பிடிக்கச் செய்யும் கம்பியும் இருக்க வேண்டும். டயரில் வெடிப்பு இருக்கக் கூடாது. சங்கிலி கட்டுவதற்கான வளையங்கள் உறுதியாக இருக்க வேண்டும்.

ஏற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. சமதளத்தில், டிரெய்லரை வாகனத்துடன் இணைத்து, பின்பக்கத் தாங்கிகளை இறக்கிய பிறகே இயந்திரத்தை ஏற்ற வேண்டும். இல்லையேல் பின்பக்கம் அழுந்தி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். எடை அச்சுக்குச் சற்று முன்னால் அமைய வேண்டும். பின்னால் போனால் வேகத்தில் டிரெய்லர் பாம்பைப் போல் நெளியும். மிகவும் முன்னால் போனால் இழுக்கும் வாகனத்தின் பின்புறம் அமிழ்ந்து முன்சக்கரங்களின் பிடிமானம் குறையும். பக்கெட்டைத் தளத்தில் இறக்கி, மேற்பகுதி சுழலாதபடி பூட்டி, நான்கு மூலைகளிலும் சங்கிலியால் கட்ட வேண்டும். சில மைல்கள் சென்றதும் நிறுத்தி, கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார்வேயில் மணிக்கு 60 மைலும், ஒற்றைப் பாதைச் சாலையில் 50 மைலும் உச்ச வேகம்.

இவற்றையெல்லாம் முடிக்க ஒரு வாரம் தாமதமாயிற்று. தம்பி நேரில் சென்று ஜமாஅத்தாரிடம் காரணத்தைச் சொன்னான். ஒருவர் முகம் சுளித்தார். தலைவர் மட்டும், "வடிகால் ஒரு வாரம் காத்திருக்கும் தம்பி" என்றார். அடுத்த சனிக்கிழமை அந்தத் தெரு வழியாக இயந்திரம் மெதுவாகச் சென்றது. மதரஸாப் பிள்ளைகள் நடைபாதையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.